பரவாயில்லை என்ற பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

பயப்படாமல் படி. சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி எனக்கு மாதக்கணக்கில் இடுப்பு வலி. வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கினேன். வயிறு எரிய ஆரம்பித்ததும் டாக்டர் அதை நிறுத்திவிட்டு, பிசியோதெரபி அக்காவிடம் அனுப்பினார்.

அவர், "பத்துக்கு எத்தனை வலிக்குது?" என்று கேட்டார். பழக்கதோஷம், "பரவாயில்லக்கா, ரெண்டு இருக்கும்" என்றேன். அதை நம்பிக் குனியச் சொன்னார். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. மேஜையைப் பிடித்துத் தொங்கினேன்.

"இதுதான் உங்க ஊர்ல ரெண்டா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வலிய மறைச்சா எந்தப் பயிற்சிய நான் குடுக்கறது?" என்று கடிந்துகொண்டார்.

ஏழு என்று ஒப்புக்கொண்டேன். அவர் கொடுத்த பயிற்சியால் இப்போது மாத்திரை இல்லாமலே நாலுக்கு இறங்கியிருக்கிறது. மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் பிடித்துக்கொள்வார்களாம். எனக்குப் பாதத்தில் துணியை மாட்டி இழுக்கச் சொல்லியிருக்கிறார். இங்கே துண்டு எட்டவில்லை. நீ கட்டிப் பழசான நூல் புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. அம்மா, முழங்காலைப் பற்றிக் கேட்டால் நீயும் "பரவாயில்லடி" என்றுதானே சொல்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, பத்துக்கு எத்தனை என்று கேட்பேன். அப்பா பக்கத்தில் இருந்தாலும் உள்ளதைச் சொல்.

உன் மகள்