உப்பர் மொழியில் எட்டுப் பக்கம்

மொன்றியல், கனடா
13.01.1985

என் ஆசை ஐரினுக்கு,

நானும் என் இருமலும் இங்கே ஒருவாறு இருக்கிறோம். நீயும் உன் அமலதாஸ் மாஸ்டரும் அங்கே சுகமாக இருக்கப் பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் மறந்தாலும் என்று உன் மாதாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர்கள் ஆறு பேர், ஆறு பாஷை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. எல்லாரும் சிரித்துச் சமாளிக்கிறோம். எனக்கு நம் ஏழூற்று நாட்டுச் சந்தை நாள்தான் ஞாபகம் வருகிறது. கொன்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கற்பனையில் ஒரு நாட்டையே கட்டினோமே, ஐரின். மலையில் நொச்சியர், கடலோரத்தில் உப்பர், பாறை உச்சியில் சீழ்க்கையாலேயே பேசும் கவிரர், எல்லார் பாஷையிலும் அரைகுறையாகப் பேசி வியாபாரம் செய்யும் தூளியர். நொச்சியருக்கு மூடுபனியைச் சொல்லப் பதினொரு சொல் வேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். உப்பர் கோபத்தைப் பாட்டாகத்தான் பாட வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். கண்டி வாவிக்கரைச் சுவரில் விளக்கு வைக்கும் முக்கோணக் குழிகளைப் பார்த்து எழுத்தும் உண்டாக்கி, ஐந்து கொப்பி நிறைய எழுதினோம்.

அந்த ஐந்து கொப்பிகளும் எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் வீட்டோடு எரிந்தன. இப்போது அந்தப் பாஷைகள் இருப்பது உன் தலையிலும் என் தலையிலும் மட்டும்தான்.

என் அகதி மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பின்பக்கத்தில் வழக்கம்போல உப்பர் மொழியில் கிறுக்கியிருக்கிறேன். மாஸ்டர் எட்டிப் பார்த்தால் விடாதே.

உன்
பத்மா


கட்டுக்கலை, கண்டி
24.02.1985

அன்புள்ள பத்மாவுக்கு,

மாதாவின் கிருபையால் இருவரும் நலம். நீ சொல்லி வைத்த வார்த்தை அவளுக்குக் கேட்டிருக்கிறது போலும்.

உன் கடிதம் அவருடைய பன்விலத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவர் பையில் பஸ் மாறி மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. கலவரத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று வீடு மாறிவிட்டதால் அந்த விலாசம் ஒன்றுதான் நிலையானது. வாசலில் நின்றபடியே, “உங்க ராஜாங்கத்துலேருந்து ஓலை வந்திருக்கு, இந்தா” என்று நீட்டினார். பொறாமைதான், வேறென்ன. வாசித்து நெடுநேரம் சிரித்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பத்மா. உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். இங்கே நிலைமை நீ விட்டுப்போனது போல் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமியும் பொலிஸும் பஸ்ஸை நிறுத்தி, ஆண்களை இறக்கிப் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். அவர் பள்ளிக்கூடத்துக் காவலாளி இருளப்பனின் தாயத்துக்குள் எந்திரத் தகடு ஒன்று இருந்திருக்கிறது. அதிலுள்ள கோடுகளுக்கு விளக்கம் சொல்லத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார் பாவம்.

ஆகவே கொஞ்ச காலத்துக்கு வெறும் தமிழில் எழுது. உப்பரும் நொச்சியரும் நம் தலைக்குள்ளேயே இருக்கட்டும். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
ஐரின்


மொன்றியல்
28.04.1985

என் பயந்தாங்கொள்ளி ஐரினுக்கு,

சிஸ்டர் வருகிறார் என்று பொய் சொன்னாலே கொப்பியை விழுங்கப் பார்ப்பவள் நீ. இன்னும் அப்படியே இருக்கிறாய். முக்கோணமும் வட்டமும் போட்ட கடதாசியைப் பார்த்து எந்தப் பொலிஸ்காரன் என்ன செய்யப் போகிறான்? பைத்தியக்காரிகள் என்று நினைப்பான், அவ்வளவுதான்.

உன் பிறந்தநாளுக்கு எட்டுப் பக்கம் அனுப்புகிறேன். முழுவதும் உப்பர் மொழி. கடைசிப் பக்கத்தில் ஏழூற்று நாட்டின் வரைபடம், ஆறுகளும் கடவைகளும் எல்லாம் போட்டு. திட்டாதே. இங்கே நான் நாள் முழுக்க யாரோ ஒருவரின் பாஷையில் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். இதை எழுதிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு என் குரல் கேட்டது.

உன்
பத்மா


கட்டுக்கலை
16.06.1985

அன்புள்ள பத்மாவுக்கு,

மே மாதம் இருபத்து மூன்றாம் திகதி பாலத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பையில் உன் எட்டுப் பக்கம் இருந்தது.

“மேக்க மொன பாஷாவத?” இது என்ன பாஷை என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். “கற்பனை பாஷை சேர். என் சம்சாரமும் அவ சிநேகிதியும் சின்ன வயசுல உண்டாக்குனது.” சிரித்தார்களாம். பிறகு வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இயக்கத்தின் இரகசிய எழுத்து என்று முடிவுகட்டிவிட்டார்கள். கூட வந்த ராஜலிங்கம் மாஸ்டர் ஓடிவந்து சொன்னார்.

அவரை வைத்திருக்கும் முகாமுக்கு நான் போனேன். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும் என்றேன். வாசித்தும் காட்டினேன். உப்பர் நாட்டு ராணி தன் மலைத் தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு கிண்ணம் உப்பு அனுப்புகிறாள், வழியில் மழை பெய்து கிண்ணம் வெறுமையாகிவிடுகிறது. அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் சொல்லி முடித்ததும் அங்கிருந்த அதிகாரி, பெண்சாதி எதை வேண்டுமானாலும் வாசிப்பாள் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மடவளை மஹ்மூத் லோயரைப் பிடித்திருக்கிறேன். நல்ல மனிதர். “தங்கச்சி, எழுதினவங்களே நான்தான் எழுதினேன்னு சொல்லணும். நம்மட உயர்ஸ்தானிகராலய முத்திரை இல்லாட்டி இவங்க அந்தக் கடதாசியப் பார்க்கவும் மாட்டாங்க” என்கிறார்.

நீ ஒட்டாவாவுக்குப் போக வேண்டும். அங்கேயுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் ஒரு சத்தியக்கடதாசியில், இது நான் எழுதியது, பள்ளிக்கூட விளையாட்டு என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பு. வேறெதுவும் வேண்டாம். தாமதிக்காதே.

ஐரின்


மொன்றியல்
20.07.1985

என் ஆசை ஐரினுக்கு,

உன் கடிதத்தைக் குசினியிலேயே நின்று வாசித்தேன். ஒரு அடுக்குக் கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டேன். எல்லாம் என்னால் வந்தது. நீ எழுதாதே என்றாய், நான் கேட்கவில்லை.

அடுத்த நாளே ஒட்டாவாவுக்குப் புறப்பட்டேன், ஐரின். நம்பு. போகும் வழியில் என் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று நுழைந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நம் நாட்டு அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். நானே அதன் வாசல் ஏறி முத்திரை கேட்டால், பயம் இல்லை என்று நானே சொன்னதாகுமாம். மனு அத்தோடு முடிந்தது, விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்கிறார். அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கார்த்திகையில் விசாரணை வரக்கூடும். அதுவரை பொறுத்துக்கொள். மாஸ்டர் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, எப்படியும் விட்டுவிடுவார்கள். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று ஒருதரம் யோசித்துப் பார்.

உன்
பத்மா


கட்டுக்கலை
22.09.1985

பத்மாவுக்கு,

நேற்று அவரைப் பார்க்க விட்டார்கள். பத்து நிமிஷம். இடது காது கேட்கவில்லை, வலது பக்கம் வந்து பேசச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“வாசி வாசின்னு அடிக்கிறாங்க ஐரின். தாங்க முடியாம நானும் ஏதாச்சும் வாசிக்கிறேன். நேத்து வாசிச்சது மாதிரி இன்னைக்கு வரமாட்டேங்குது. அதுக்கும் அடிக்கிறாங்க.”

அவருக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்தாவது நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நமக்கு மட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்தேன். அதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

உன் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். போயிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்குத் தெரியாது. ஆனால் என் இடத்தில் இருப்பவள் நான்தான், எனக்கு அந்தக் கடதாசி வேண்டும். எனக்கு உன்மேல் கோபம், பத்மா. தினமும் காலையில் எழும்பும்போதே கோபத்தோடுதான் எழும்புகிறேன். அது போகவேண்டுமானால் நீ ஒட்டாவாவுக்குப் போ.

ஐரின்


மொன்றியல்
09.02.1986

அன்புள்ள ஐரினுக்கு,

விசாரணையை மறுபடி ஒத்திப் போட்டுவிட்டார்கள். நான் இரவு பகலாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இத்துடன் ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். அந்த எழுத்து பள்ளிக்கூடச் சிறுமிகள் உண்டாக்கிய விளையாட்டு, அதில் அரசியல் இல்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஹோட்டலில் ஒரு பெண் தட்டெழுதித் தந்தாள். கீழே பெயரும் கையெழுத்தும் போடவில்லை, விலாசமும் இல்லை. காரணம் உனக்கு விளங்கும். உண்மை உண்மைதானே, யார் சொன்னால் என்ன.

வெள்ளவத்தையில் அக்கா லீலாதேவி வீட்டில் அம்மாவுக்கு இருதயம் சரியில்லை. அந்தக் கவலையும் என்னைத் தின்கிறது. மாஸ்டருக்காகத் தினமும் விளக்கேற்றுகிறேன்.

உன்
பத்மா


மொன்றியல்
15.11.1986

என் ஆசை ஐரினுக்கு,

நான் எழுதி ஒன்பது மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் இதை முதலில் உனக்குத்தான் எழுதத் தோன்றியது.

என் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எப்படி என்று கேள். ஆவணி மாதம் பொலிஸ் அக்கா வீட்டுக்கு வந்து, பத்மாதேவி இராஜரத்தினம் எங்கே என்று முழுப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறது. அலுமாரியைக் கவிழ்த்துப் போட்டார்களாம். அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டா. வேறொன்றுமில்லை. அக்கா அதை அப்படியே எழுதி அனுப்பினா. சட்டத்தரணி துள்ளிக் குதித்தார். இதைத்தான் இரண்டு வருஷமாகத் தேடினேன் என்றார். விசாரணை அரை மணித்தியாலம்கூட இல்லை. என் பெயரை யார் கொடுத்தார்களோ தெரியாது, அவர்களுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

குடியுரிமை கிடைக்க இன்னும் சில வருஷம் ஆகும். கிடைத்ததும் கனடாக் கடவுச்சீட்டோடு வருவேன். முதலில் அம்மா, அடுத்த நாள் கண்டி. வாவிக்கரையில் நாம் இருவரும் நடக்க வேண்டும்.

மாஸ்டர் எப்படி இருக்கிறார்? சத்தியக்கடதாசி இன்னும் வேண்டுமென்றால் இப்போது சொல்லு. இனி எனக்குப் பயமில்லை.

உன்
பத்மா


கட்டுக்கலை
04.01.1987

பத்மாதேவிக்கு,

அவர் செப்டெம்பரில் வீட்டுக்கு வந்துவிட்டார். உனக்கு எழுதவில்லை. சத்தியக்கடதாசி வேண்டாம்.

வந்து ஒரு வாரம் போனது. பிறகு ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “அதுல என்னாதான் எழுதியிருந்துச்சு?” என்று கேட்டார். எனக்கு எட்டுப் பக்கமும் மனப்பாடம். வலது காதுப் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு சொன்னேன். உப்பு, கிண்ணம், மழை, எல்லாம். கடைசிவரை கேட்டார். முடிந்ததும், “இவ்ளோதானா?” என்றார். ஆம் என்றேன். எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார்.

எப்படி விட்டார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பெயரில்லாத கடதாசியை மஹ்மூத் லோயரிடம் கொண்டுபோனேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “தங்கச்சி, இதுல ஆளே இல்லயே” என்றார். நான் அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். ஜூலை கடைசியில் லோயரிடம் சொல்லாமல் தனியாக முகாமுக்குப் போய், ஆளைக் கொடுத்தேன்.

அதிகாரி என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். அதுவே முதல் தடவை. நொச்சியர் யார் என்று கேட்டார். மலைநாட்டுப் பிரிவு என்றேன். உப்பர்? கடல்வழியாக வருகிறவர்கள். கவிரர்? தகவல் கொடுப்பவர்கள். தூளியர்? கடைத்தெருவில் சாமான் வாங்கி அனுப்புகிறவர்கள். பதினான்கு மாதம் நாங்கள் உண்மையைச் சொன்னபோது பேனா மூடியைக்கூடக் கழற்றாத மனிதர், அன்றைக்கு மூன்று பக்கம் எழுதினார். நாம் தையல் வகுப்பில் கட்டிய நாடு அவருக்கு அப்படியே பொருந்தியது. எனக்கே பயமாக இருந்தது. எல்லாருக்கும் மேலே யார் என்று கேட்டார். உன் பெயரையும் உன் அப்பாவின் பெயரையும் வெள்ளவத்தை விலாசத்தையும் சொன்னேன். என் புருஷனையும் என்னையும் ஒன்றும் அறியாத தபால்காரர்களாக வைத்திருந்தாய் என்றேன். கையெழுத்துப் போட்டேன், முழுப் பெயரும் போட்டு.

உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்தது நான்தான். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மற்றதற்கு வெட்கமில்லை. நீ கோயில் கட்ட வேண்டியது எனக்கு என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

நீ வருவதாக எழுதியிருக்கிறாய். எந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன் பெயரைப் பார்ப்பார்கள். அந்த மூன்று பக்கமும் அங்கேதான் இருக்கிறது. நீ இங்கே கால் வைக்க முடியாது, உன் அம்மாவை உயிரோடு பார்க்கவும் முடியாது. இது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். வராதே.

ஐரின் அமலதாஸ்