இடது விலாவில் அக்கி

8-11-89, புதன்

விடியலிலிருந்து மழை. பாரிவாக்கம் ரோடு முழுக்கச் சேறு. மண்ணெண்ணெய் வாங்கப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வசந்தா திருச்சியிலிருந்து வருகிறாள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். அவளுக்காகக் கட்டிலை முன்னறைக்கு நகர்த்தினேன். சாயங்காலம் இடது விலாவில் எரிச்சல். பிடிப்பு என்று மனைவி சரோஜா தைலம் தேய்த்துவிட்டாள். ஃபாக்டரியில் இதைவிடக் கனமானதையெல்லாம் தூக்கியவன். ரிட்டயராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

10-11, வெள்ளி

பிடிப்பு இல்லை. விலாவிலிருந்து முதுகு வரை வரிசையாகக் கொப்புளம். அக்கி என்றாள் சரோஜா. அக்கி எழுத சென்னீர்குப்பத்தில் பானை செய்கிறவரிடம் கூட்டிப்போனாள். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதினார். கொஞ்ச நேரம் குளிர்ச்சி. பஸ் ஏறுவதற்குள் மறுபடி தணல்.

11-11, சனி

பூந்தமல்லியில் டாக்டரம்மா. வசந்தா வயசுதான் இருக்கும். சிறு வயதில் சின்னம்மை போட்டதா என்று கேட்டார். ஏழு வயதில் போட்டது, உடம்பெல்லாம் வேப்பிலை. அந்தக் கிருமி அப்போதே போய்விடவில்லையாம். இத்தனை காலம் நரம்பில் கிடந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எழவிடாமல் வைத்திருந்ததாம்.

"வயசாக ஆக அந்தச் சக்தி குறையும் சார். நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல."

யோசித்தால், இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான். சளி பிடித்தால் மாசம் முழுக்க இருமல். சவரம் செய்த கீறல்கூட ஆறுவதில்லை. உடம்பு எனக்குச் சொல்லாமலே கைவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வசந்தா வருவதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவளுக்கு அம்மை போட்டதில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தபோது மாமா வீட்டில் விட்டிருந்தோம்.

"உங்க கொப்புளத்துத் தண்ணி பட்டா அவங்களுக்கு அம்மையா வரும். பிரசவ சமயத்துல வந்தா குழந்தைக்கு ரொம்ப ஆபத்து."

பொருக்கு தட்டி உதிரும்வரை நான் வீட்டில் இருக்க வேண்டாம் என்றார்.

நேராகக் காதர் வீட்டுக்கு. ஃபாக்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவன், பூந்தமல்லிக்காரன். அவனுக்கும் அவன் சம்சாரத்துக்கும் சின்ன வயதிலேயே அம்மை போட்டாயிற்று. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்,

"பின்னால ரூமு சும்மா தான் கீது அண்ணாத்தே. வந்து பட்துக்கோ."

எடுத்துவர வேண்டியது: வேட்டி இரண்டு, துண்டு, மாத்திரை, டைரி.

14-11, செவ்வாய்

நாள் முழுக்கத் தேர்தல் ஆட்டோ சத்தம். சட்டை போட முடியவில்லை, துணி உரசினாலே உயிர் போகிறது.

வசந்தா பயந்துவிடுவாள் என்று, நான் அவசர வேலையாக வெளியூர் போயிருப்பதாகச் சரோஜா சொல்லியிருக்கிறாள். அவள் நம்பவில்லை. பிரசவத்துக்கு வந்திருக்கிறேன், அப்பாவுக்கு அப்படி என்ன வேலை என்று அழுகையாம். காதர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"உம் பொண்ணு சோறு துன்ன மாட்டேங்குது. நீயே போய் சொல்லிடு."

சாயங்காலம் போனேன். கேட்டுக்கு வெளியே, தூறலில். என்னைப் பார்த்ததும் படியிறங்கி வேகமாக வந்தாள். அங்கேயே நில் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மெல்லப் பின்னால் நகர்ந்தாள், படி வரைக்கும். நான் சொன்னதைத்தான் செய்தாள். பஸ்ஸில் அதுவே கண்ணுக்குள் நின்றது.

26-11, ஞாயிறு

நேற்று மறுபடி டாக்டரம்மா. பொருக்கு எல்லாம் உதிர்ந்துவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் எரிச்சல் அப்படியே. நரம்பு கெட்டிருக்கிறதாம். இளவயது என்றால் சீக்கிரம் போய்விடும். என் வயதில் மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு வருஷக்கணக்கில்.

வீட்டில் சொல்லவில்லை. சுத்தமாகக் குணமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே வந்தேன். சொன்னால் திரும்பவும் தள்ளி நிற்பார்கள். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசம் நன்றாக இருந்தது.

30-11, வியாழன்

காலையில் பெண் குழந்தை. சுகப்பிரசவம். வசந்தா உடம்பில் கொப்புளம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொசு.

பிற்பகல் வசந்தாவே குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கி மார்போடு அணைத்தேன். கால் உதைத்தது, சரியாக இடது விலாவில். உடம்பு துள்ளிவிட்டது. முகம் எப்படிப் போனதோ தெரியாது. குழந்தையைச் சரோஜா கையில் திணித்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். பொத்தானைக் கழற்றி, துணி மேலே படாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வசந்தா அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"பொண்ணா பொறந்ததுல அப்பாவுக்கு வருத்தமாம்மா?"

 உடனே உள்ளே போயிருக்க வேண்டும். எரிச்சல் அடங்கவில்லை, சட்டையை மூட முடியவில்லை. அங்கேயே நின்றேன்.