அம்மாவின் விடுமுறைப் படங்கள்

அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் தீர்ந்ததும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

கடலோரமாகவே காரில் போய் ஆங்காங்கே கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம் என்றீர்கள். முணுமுணுக்காமல் சித்தி வீட்டுக்கு வந்தேன். வருடம் முழுக்க மாணவர் விடுதியின் சமையலறையில் வேகும் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்குமே என்றுதான்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தக் கடற்கரையானாலும் நீங்கள் அலையில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறீர்கள். பின்னால் தூரத்தில் அம்மா கூடாரத்து வாசலில் அடுப்பின் முன்னால் குந்தியிருக்கிறாள். நேற்றைய படத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்!

"பக்கத்து டென்ட்காரங்களையும் சாப்பிடக் கூப்பிட்டேன். உங்க அக்கா சமையலுக்கு எல்லாரும் அடிமை" என்று சித்தியிடம் ஃபோனில் பெருமையடித்தீர்கள்.

"ஆமா மாமா, அவளுக்கு அங்கேயும் ஒரு மெஸ் வச்சுக் கொடுத்துட்டீங்க" என்றாள் சித்தி. அதற்கும் சிரித்தீர்கள்.

பிறகு அம்மா பேசினாள். "கடல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"சத்தம் நல்லா கேக்குதுடி" என்றாள்.

சத்தம்!

மீதி நாளெல்லாம் நீங்கள்தான் சமைக்க வேண்டும். கருகினால் கருகட்டும். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாதீர்கள். உங்களுக்குப் பரிந்துகொண்டு வந்துவிடுவாள். ஃபோனை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பாத்திரம் தேய்ப்பதை அவள் படம் எடுக்கட்டும், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

இன்னும் ஆறாத கோபத்துடன்,
உங்கள் மகள்