வெறும் பனிதானே

ரோஷினி அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் திருமுல்லைவாயில்ல அக்கா வீட்டுல இருக்கோம். போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன்.

மார்கழி பொறந்ததுலேர்ந்து பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. "அம்பத்தூர் பனி, அப்படித்தான் இருக்கும்"னு சொன்னீங்க. சில நாள் மட்டும் விடியக்காலைல எல்லா ஜன்னலையும் சாத்திட்டு ஷிப்டுக்குப் போனீங்க. பிள்ளை மேல எவ்வளவு அக்கறைன்னு பூரிச்சுப் போனேன், பைத்தியக்காரி.

நேத்து போகியன்னிக்குப் பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். வழியில பார்த்த உங்க கம்பெனி பிராங்க் அண்ணன் மனசு கேக்காம சொல்லிட்டார். பனிமூட்டத்துல எரிச்சா புகை வெளிய தெரியாதுன்னு ரப்பர் கழிவையெல்லாம் அப்போதான் கொளுத்துவீங்களாம். போகின்னா கேக்கவே வேணாமாம். நாள் குறிச்சுக் கொடுக்கறதே நீங்கதானாமே.

வீட்டுக்குள்ள புகை வரக்கூடாதுன்னு தெரிஞ்ச மனுஷனுக்கு, ஏழு மணிக்கு உங்க பொண்ணு ஸ்கூல் வேனுக்காக அந்தப் புகை வர்ற நம்ம தெருவுலதான் நிப்பான்னு தெரியாதா?

வரும்போது நம்ம வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுட்டுத்தான் வந்தேன். சாத்தாதீங்க. வெறும் பனிதானே.

இப்படிக்கு,
உங்க பொண்ணோட அம்மா