பயிற்சி கொடுக்கப் போனவன்

ஜூன் 10

காலையிலிருந்தே அனல். பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வரும் வழியில் வில்லியனூரில் மிளகாய் அரைக்கக் கொடுத்தேன். மகன் சேவியருக்குப் பார்சல்: மிளகாய்த்தூள், மாங்காய் ஊறுகாய், வடகம்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து வாங்கிவைத்த பிரெஞ்சுக் குடியுரிமை, பேரனையும் அதே பட்டாளத்தில் கொண்டுபோய் விட்டது. இப்போது ஆப்பிரிக்காவில், தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் ஒரு நாட்டில் இருக்கிறான். போனில் சொன்னது:

"சண்டையெல்லாம் அவங்களுக்குள்ளம்மா. நாங்க அந்த ஊரு பட்டாளத்துக்குப் பயிற்சி குடுக்கத்தான். அதுலயும் நான் சமையல்கட்டு. நாலே மாசம்."

சமையல்கட்டா! இங்கே வெந்நீர் வைக்கத் தெரியாது இவனுக்கு.

ஜூன் 29

ஞாயிறு. பூசை முடிந்து வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு லூயி அண்ணன். பழைய சொல்தா. போனில் பிரெஞ்சுச் செய்தி பார்த்துச் சொன்னார்.

"இன்னும் ஆள் அனுப்புறாங்கம்மா."

"இன்னாத்துக்கு?"

"பயிற்சி குடுக்கறவங்களுக்குக் காவலு."

கேட்டதும் மருமகள் ரீட்டா எழுந்து உள்ளே போய்விட்டாள். விசா வரும்வரை என்னோடுதான் இருக்கிறாள். கொஞ்ச நாளாகக் கொல்லைப்பக்கம் போய்க் கிசுகிசுவென்று போன். நான் போனால் "சரி, வைக்கிறேன்." என்னமோ இருக்கிறது. விசா வந்ததை மறைக்கிறாளோ?

ஜூலை 14

பிரெஞ்சு தேசிய நாள். லூயி அண்ணன் மெடல் குத்திக்கொண்டு டவுனுக்குப் போய் வந்தார். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டால் வெயில் என்கிறார்.

நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. லூயி அண்ணன் இதுவரை சொன்ன செய்தியை எழுதிவைக்கிறேன்.

முதலில் பயிற்சி.
பிறகு பயிற்சி கொடுப்பவர்களுக்குக் காவல்.
காவல்காரர்கள் வந்து இறங்க விமான நிலையம். அதற்கும் காவல்.
இப்போது விமான நிலையத்துக்குப் போகும் ரோடு.
அடுத்து என்ன, ரோட்டோரத்து மலையா?

வல்லரசாம். கால் வைத்த இடத்துக்கெல்லாம் காவல் போட அடுத்தவள் பெற்ற பிள்ளை.

சேவியர் வீடியோவில் வந்தான். ஒரு நிமிடம்.

"இன்னாடா இப்பிடிக் கறுத்துட்டே?"

"அடுப்புச் சூடும்மா."

நெற்றியில் பாதிவரை கறுப்பு. கோடு போட்டதுபோல் அதற்கு மேலே பழைய நிறம். கரண்டி பிடிக்கிறவனுக்கு இரும்புத் தொப்பி எதற்கு?

ஜூலை 29

புழுக்கம். ரீட்டா இன்றைக்கும் பாகூர் போனாள். தொடர்ந்து மூன்றாவது செவ்வாய். தையல் நூல் வாங்கவாம். வில்லியனூரில் இல்லாத நூல் பாகூரில் இருக்கிறதாமா? வந்ததும் பையைப் பார்த்தேன். ஒரே ஒரு நூல்கண்டு.

பார்சலுக்குப் பதில் இல்லை.

ஆகஸ்ட் 3

தூறல். எங்கள் சாமியாருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதில் பாகூர்ப் பக்கத்துச் சாமியார் பூசை வைத்தார். யார் யாருக்காகப் பூசை என்று கருத்து வாசிக்கும்போது, எங்கள் நோட்டை விட்டுவிட்டுத் தன் கோயில் நோட்டையே திறந்துவிட்டார். யாரோ இறந்தவர்கள், யாரோ பரீட்சைக்கு. பிறகு:

"போர்முனையில் இருக்கும் சேவியரின் பாதுகாப்புக்காக, மனைவி ரீட்டா."

எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போய்க் கருத்து கொடுத்திருக்கிறாள். பக்கத்திலிருந்த ரீட்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எத்தினி நாளா தெரியும்?"

"ஜூன்லேர்ந்தே அத்த. சமையல்கட்டெல்லாம் பொய்யி. அம்மாகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. இப்ப மலைக்குப் போயிட்டாங்களாம்."

"நாலு மாசம்னானே?"

"அதுவும் இல்லியாம்."

இவளையா சந்தேகப்பட்டேன்? வெட்கமாக இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். மதியம் சமைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அவுருக்குத் தெரிய வேணாம் அத்த. அங்க மனசு கெட்டுடும்."

ஆகஸ்ட் 6

பால்வாடியில் இருக்கும்போது சேவியர் கூப்பிட்டான். பின்னால் ஒரே இரைச்சல்.

"இன்னாடா சமையல் இன்னிக்கி?"

"சாம்பாரும்மா."

"உப்பு பாத்துப் போடு."

பிள்ளை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் கோயிலிலேயே உபதேசியாரிடம் கருத்து கொடுத்தேன். சேவியருக்காக. தினமும்.

"எந்தத் தேதி வரைக்கும் எழுதட்டும்?"

"சண்டை முடியிற வரைக்கும்."

எழுதவில்லை. நோட்டில் தேதிக் கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.

"தேதி சொல்லும்மா."