நீங்கள் வாங்கிக்கொண்ட என் முதல் சம்பளம்

அப்பா,

உங்கள் காரியமெல்லாம் முடிந்து நேற்றுதான் அலமாரியை ஒழித்தேன். அந்துருண்டை வாசனையோடு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு படம் விழுந்தது. சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடை. வரிசையாக இலை போட்டு முப்பது பேர். நடுவில் மாலையும் கழுத்துமாக நீங்கள். படத்தின் பின்னால் உங்கள் கையெழுத்து: "மகள் முதல் சம்பள விருந்து." மகள் அந்தப் படத்தில் இல்லை. பத்து வருடமாக அது உங்களை உறுத்தவே இல்லையா? கிழிக்கத்தான் எடுத்தேன். கை வரவில்லை. அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

செத்தவர்களிடம் கோபப்படக் கூடாதாம். நீங்கள் உயிரோடு இருந்தபோது இதைப் பேச ஒருநாளும் விட்டதில்லை. இப்போது கேளுங்கள்.

அம்மா போன பிறகு, பெண்ணை எதற்குப் பல்கலைக்கழகம் வரை அனுப்புகிறாய் என்று சொந்தமெல்லாம் கேட்டது. "அவ படிப்பா. உங்க வீட்டுச் சோத்தையா தின்னு படிக்கிறா?" என்று வாசலில் நின்று கத்தினீர்கள். அந்த அப்பாவை நான் மறக்கவில்லை. பரீட்சை முடிந்த மாதம் உதவித்தொகை நின்றது. பஸ்ஸுக்குக் காசு கேட்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்: "படிச்சு முடிச்சாச்சுல்ல? இனி உன் கையை நம்பு."

சரி, நம்பினேன்.

வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது. பாலஸ்டியர் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளி. முதல் மாதச் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும் என்றார்கள். வகுப்பில் நிற்க மூன்று சேலை வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருந்தது. செருப்பின் அடி தேய்ந்து, உள்ளே அட்டை வெட்டி வைத்திருந்தேன். என்னோடு படித்த ஈஸ்வரி நாற்பது வெள்ளி கொடுத்தாள். காத்தோங்கில் விதவைத் தாயோடு இருந்தவள். டியூஷன் சொல்லிச் சேர்த்த காசு அது. பினாங்கில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. ரயிலுக்கும், அங்கே முதல் மாதம் தங்குவதற்கும் அந்தக் காசு வேண்டும். "நான் போறதுக்கு முதல் தந்தால் போதும்" என்றாள். என் சம்பள நாள் வியாழக்கிழமை, அவள் ரயில் வெள்ளிக்கிழமை. இருவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். பிறகுதான் அவள் கொடுத்தாள், நான் வாங்கினேன்.

இரண்டு மாதம் எப்படி ஓட்டினேன் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கு நடந்தே போனேன். மத்தியானம் மற்ற ஆசிரியைகள் சாப்பாட்டைப் பிரிக்கும்போது எனக்கு விரதம் என்பேன். முதலில் வெள்ளிக்கிழமை, பிறகு செவ்வாய். புதன்கிழமையும் விரதம் என்றதும் ஒருத்தி, "புதனுக்கு எந்தச் சாமி டீச்சர்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் தேக்கா சந்தை வழியாக வரும்போது கண்ணைத் தரையில் வைத்தே நடப்பேன்.

அந்த வியாழக்கிழமை கடைசி மணி அடித்ததும் பள்ளிக் கிராணியின் மேசைக்கு ஓடினேன். சம்பளக் கணக்கெல்லாம் அவர் கையில்தான். தலையைத் தூக்கிப் பார்த்து, "உங்க அப்பா காலையிலயே வந்து வாங்கிட்டாரே டீச்சர். நீங்கதான் அனுப்பினதா சொன்னாரு" என்றார். என் அப்பா பொய் சொன்னார் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் நீங்கள் புது வேட்டியை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என் சம்பளம் எங்கப்பா?"

"என் மக சம்பளம்னு சொல்லு. நாளைக்கு முப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. உன்னைப் படிக்க வெச்சப்ப சிரிச்சவன் ஒவ்வொருத்தனும் வந்து தின்னுட்டுப் போகணும்."

"நாப்பது வெள்ளி மட்டும் கொடுங்க. ஈஸ்வரிகிட்ட வாங்கினது. நாளைக்கு அவ ஊருக்குப் போகணும்."

"ஒரு மாசம் பொறுக்க மாட்டாளா அந்தப் பொண்ணு? கடைக்காரனுக்கு முன்பணம் கொடுத்துட்டேன்."

வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள்.

வெறுங்கையோடு காத்தோங்குக்குப் போனேன். ஈஸ்வரியின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். "விடு, உன்ர அப்பாதானே" என்றாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டார். காசு புரட்டிக்கொண்டு அவள் புறப்படப் பத்து நாள் ஆனது. பினாங்கில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து, இங்கேயே ஒரு கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்குத் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தாள். பட்டம் வாங்கியவள். இன்று வரை பினாங்கைப் பற்றி அவள் பேசியதில்லை. உங்கள் சாவுக்கு வந்து, என் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

விருந்துக்கு நான் வரவில்லை. அடுத்த மாதம் கிராணியிடம் எழுதியே கொடுத்தேன்: என்னைத் தவிர யாரிடமும் கொடுக்கக் கூடாது. முதல் நாற்பது வெள்ளியை ஈஸ்வரிக்குக் கொடுத்து, அவள் வீட்டுப் பின்னறைக்கே வாடகைக்குப் போனேன். மக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். ஏன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, பை நிறைய மங்குஸ்தீனோடு பள்ளி வாசலில் வந்து நின்றீர்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். இப்போதாவது சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். "சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டீர்கள்.

ஏற்றிவிட்டார்கள் அப்பா. அதே பள்ளியில் இப்போது நான் துணைத் தலைமையாசிரியை. சம்பள உறைகள் என் மேசையிலிருந்துதான் போகின்றன. போன மாதம் புது ஆசிரியை ஒருத்தியின் தகப்பனார் வந்தார். "என் மகதாங்க, என்கிட்டக் கொடுத்தா என்ன?" என்றார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உட்காருங்க, அவ வரட்டும்" என்றேன். முக்கால் மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வகுப்பு முடிந்து வந்து கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினாள். பிரித்து எண்ணக்கூட இல்லை. அப்படியே அவர் கையில் கொடுத்தாள். அவர் அழுதுவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். ஈஸ்வரியின் நாற்பது போக மீதி முழுவதையும் நானும் அப்படித்தான் உங்கள் கையில் கொடுத்திருப்பேன். நீங்கள் கேட்டிருக்கலாம்.