உன் வலிக்கு நான் சொன்ன பதில்

பாசமுள்ள செல்வியக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. உன் படத்துக்கு மாலை மாற்றும்போதுகூட முகத்தைப் பார்க்காமல் மாற்றிவிட்டு வந்துவிடுவேன். இப்போது எழுதுகிறேன் என்பதால் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. போன வாரம் உன் மகள் சௌமியா போனில் ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்கும், ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி, அதில் இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் எடுக்கும் அறை, அந்த அறையில் பதினைந்து வருஷமாக டெக்னீசியன். உனக்கு அதில் என்ன பெருமை! "எந்தம்பி இல்லீனா அங்க ஒரு மெசினும் ஓடாதுங்க" என்று தொண்டாமுத்தூர் பால் சொசைட்டியில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாய். அங்கே டீ வாங்கப் போனால்கூட என்னை ஆஸ்பத்திரிக்காரரே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெருமைதான் உன்னை என்னிடம் கொண்டுவந்தது. பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டி மேட்டில் ஏறும்போது நெஞ்சு அழுத்துகிறது என்றாய். "ஆரோ ஏறி உக்காந்துக்கிட்ட மாதிரி இருக்குது கண்ணு. செத்த நின்னா போயிருது." யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்றுகொள்வாயாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம்தான் கேட்டார், "என்னம்மா பண்ணுது?" என்று. நீ எழுந்து நின்று, "ஒண்ணுமில்லீங்க சார், நடந்தா மட்டும் இங்க ஒரு மாதிரி…" என்று ஆரம்பித்தாய். நான் குறுக்கே விழுந்தேன். "கேஸ் ட்ரபிள்தானுங்க சார். நேரத்துக்குச் சாப்பிடறதில்ல. எல்லாத்துக்கும் மனசப் போட்டு ஒலப்பிக்குவா." அதற்குப் பிறகு டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். நீ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாய்.

நம் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை. பெண்ணுக்கு வலித்தால் கூட வந்த ஆண்பிள்ளை பதில் சொல்வான். புருஷன் சொல்வான், மகன் சொல்வான். அவள் "ஒண்ணுமில்லீங்க" என்று மரியாதைக்குச் சொல்லி முடிப்பதற்குள் இவன் மிச்சத்தைச் சொல்லிவிடுவான். தினம் அதைப் பார்க்கிற எனக்கு, நானும் அதையே செய்கிறேன் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். வீட்டு ஆளாயிற்றே என்று உன் பரிசோதனைச் சீட்டை நானே எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். அதில் 'ஏட்டிப்பிக்கல்' என்று எழுதினேன். வழக்கத்துக்கு மாறான வலி என்று அர்த்தம். யாருடைய வழக்கம் அது? ஆம்பளைகளுக்கு வலிக்கிற வழக்கம். ஒரு ஆம்பளை வந்து உன் வலியை அப்படியே சொல்லியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பக்கத்தில் 'பதற்றம்' என்றும் எழுதினேன், யாரும் கேட்காமலே.

எங்கள் அறையில் எடுத்த படத்தில் உன் இதயத்தின் பெரிய குழாய்கள் மூன்றும் சுத்தமாக இருந்தன. உன்னை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது உன்னைக் கட்டிய மாமாவும் சௌமியாவும் உன் மாமியார் அத்தையும் முன்னறையில் காத்திருந்தார்கள். "ஒண்ணுமே இல்லீங்க, கல்லு மாதிரி இருக்குது" என்றேன். "ஆஸ்பத்திரிக்காரனே சொல்லிப்போட்டான். இனி என்ன நோவு? வேலைன்னா மட்டும் வருமாட்டம் இருக்குது" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் அக்கா.

அதன் பிறகு நீ வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு காலையில் சொசைட்டிக்குப் போகிற வழியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பால் கேனை நிமிர்த்தி ஓரமாக வைத்திருந்தாய், ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் எல்லா டெஸ்டும் எடுத்துத்தான பாத்த சாமி, அவ விதி" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். 

இப்போது எங்கள் அறைக்கு ஒரு புது டாக்டர் வந்திருக்கிறார், பெண். அவர் வந்த பிறகு, படம் சுத்தமாக இருந்தாலும் வலி இருக்கிறது என்கிறவர்களை அப்படியே அனுப்புவதில்லை. மயிரிழைக் கம்பி ஒன்றை இதயக் குழாய்க்குள் செலுத்தி, ரத்த ஓட்டம் கூடுகிற மருந்தைக் கொடுத்து, எவ்வளவு கூடுகிறது என்று அளக்கிறார். படத்தில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும்தான். அதற்குக் கீழே கண்ணுக்குப் படாத பொடிக் குழாய்கள் இருக்கின்றன. அங்கே கோளாறு வந்தால் எங்கள் படம் ஒன்றும் காட்டாது. அதைப் பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம் என்கிறார் மேடம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், சரசுவதி என்று பேர். புருஷன் சொட்டுநீர்க் குழாய் போட்டு வாழை வைக்கிற விவசாயி. மேடம் அந்த அம்மாவிடம் கேட்டதும் புருஷன்தான் பேசினார், "வாயுத் தொந்தரவுங்க, இவ சும்மாவே பயந்துக்குவா." மேடம் கோபப்படாமல், "நீங்க வெளிய இருங்கண்ணா, அவங்க சொல்லட்டும்" என்றார். அந்த அம்மா முதலில் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் சொன்னார். மேடம் பேசாமல் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா சொன்னார், "படி ஏறுனா, நெஞ்சு மேல ஆரோ உக்காந்த மாதிரி இருக்குதுங்க அம்மணி." கையிலிருந்த ஒயரை நான் கீழே போட்டுவிட்டேன்.

படம் சுத்தம். கம்பியை விட்டு அளந்தபோது கோளாறு தெரிந்தது. வெளியே நின்ற புருஷனிடம் மேடம் விளக்கினார். அவர் யோசித்துவிட்டு, "அப்ப மெயின் லைன்ல தண்ணி வருது, டிரிப்பர்தான் அடச்சுக்கிச்சுங்களா?" என்றார். "அடைப்புன்னு சொல்ல முடியாதுங்க. தெறக்க வேண்டிய நேரத்துல தெறக்க மாட்டேங்குது. மருந்து இருக்குது" என்றார் மேடம். உள்ளே அந்த அம்மா என்னிடம் கேட்டார், "அப்ப நான் நடிக்கலீங்களா தம்பி?" கேட்டுவிட்டு அழுதார். நோய் இருக்கிறது என்று தெரிந்து ஒருத்தர் சந்தோஷத்தில் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கருவி வந்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது என்றும் இல்லை அக்கா. பெண்களுக்குச் சும்மா படுத்திருக்கும்போதே ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம். அதனால் மருந்துக்குப் பிறகு எத்தனை மடங்கு கூடியது என்று பார்த்தால், நல்லபடியாக இருக்கிற பெண்ணுக்கும் எண் குறைவாகக் காட்டலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் சரியா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேடம் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், பொடிக் குழாய்கள் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். இத்தனை பாடுபட்டுப் பெண்ணின் இதயத்தைத் தனியாகப் படிக்கிறார்கள். நான் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், உன்னை ஒரு நிமிஷம் பேச விடவில்லை.

உனக்கு இருந்தது அதுதானா? தெரியாது. உன்னை யாரும் அப்படி அளந்து பார்க்கவில்லை. நீ போனதும் அதனால்தானா என்றும் சொல்ல முடியாது. ஆனால் வலி இருந்தது. அதை நீ சொல்ல வந்தாய். அது எனக்குத் தெரியும்.

சௌமியா சொன்னது இதுதான். "மாமா, அம்மா ஒரு நா சமையக்கட்டுல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாங்க. 'மாமாதான் ஒண்ணுமில்லன்னு சொல்லீருச்சில்ல, ஏம்மா இப்படி நடிக்கறே'ன்னு கேட்டுட்டேன். அதுக்கு அம்மா எந்திரிச்சுப் போயிச் சோறாக்குனாங்க. எனக்குத் தூக்கமே வர்றதில்ல மாமா." வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக என் பாவத்தை அந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருக்கிறாள்.

உன் பழைய பைலைக் கேட்டு வாங்கிவிட்டேன். சீட்டில் நான் எழுதிய இரண்டு வார்த்தைகளும் அப்படியே இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூருக்கு வருகிறேன். அன்றைக்கு எங்கே நின்று சிரித்தேனோ அதே முன்னறையில், மாமா, அத்தை, சௌமியா மூன்று பேரையும் உட்காரவைத்து, அந்தச் சீட்டைப் படித்துக் காட்டுவேன். செல்வி பொய் சொல்லவில்லை, அவளை நீங்கள் நம்பாமல் போனது என் வார்த்தையால்தான் என்று சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். மாமா எழுந்து வெளியே போனாலும் போகட்டும்.

அவர்கள் ஒன்று கேட்பார்கள், செல்வி எங்களை மன்னித்திருப்பாளா என்று. அதற்கு மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். உனக்குப் பதிலாக ஒருமுறை பேசியது போதும்.

இப்படிக்கு,
நீ சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாத உன் தம்பி,
முருகேசன்